பக்கத்து வீட்டு நாய் எலிக்காய்ச்சலில் செத்துவிட்டது, எங்கள் நாயை வீட்டில் வைத்திருக்கலாமா?

ரங்கூன் தாக்கேட்டாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு நாய் போன வாரம் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனது, எலிக்காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னாராம். இவர்கள் வீட்டு நாய் மணி நேற்றுக் காலையிலிருந்து சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டு தடவை வாந்தி. கண் மட்டும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. "ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம், அப்படியும் வருமா? வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது, நாயைப் பொங்கி (புத்த பிக்கு) மடத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்பது கேள்வி. பார்க்க இரண்டு மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும், அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: என் பிள்ளைக்கு ஆபத்து இந்த நாயிடமிருந்தா வருகிறது?

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மணியை இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண் மஞ்சளாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். மடத்தில் விடுவது வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் யேசின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து, ரங்கூனின் கிழக்குப் பக்கத்துப் பேட்டைகளில் இருபது வருடமாக நாய் பூனைகளைப் பார்த்துவருகிறவன். ஆனாலும் கையால் தொட்டுப் பார்க்காத நாய்க்கு இதுதான் நோய் என்று எழுத்தில் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. மழைக்காலம், பக்கத்து வீட்டில் ஒரு சாவு, சோறு இறங்கவில்லை, வாந்தி. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் வேறு நோய் என்று நிரூபணமாகும் வரை எலிக்காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது என் வழக்கம்.

எலிக்காய்ச்சல் என்றால் எலி கடித்து வருவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடியால் வருவது அபூர்வம், எலியின் மூத்திரத்தால்தான் வருகிறது. லெப்டோஸ்பைரா என்ற கிருமி, நூலைச் சுருட்டிவிட்ட மாதிரி மெல்லியது, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். கேள்விக்குறி மாதிரி இருக்கிறதென்றுதான் அதில் ஒரு வகைக்கு 'இன்டெரோகன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்கு வரும் கடுமையான வடிவத்தை 1886ல் ஜெர்மனியில் அடோல்ஃப் வைல் விவரித்து எழுதினார், கிருமியைக் கண்டுபிடித்தது 1915 வாக்கில் ஜப்பானில் இனாடாவும் ஈடோவும். எலியின் சிறுநீரகக் குழாய்களுக்குள் இந்தக் கிருமி சுகமாகக் குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது. அது ஓடியாடிச் சாப்பிட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் மூத்திரத்தோடு கிருமியைச் சொட்டிவிட்டுப் போகும். வெயில் பட்டுக் காய்ந்தால் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈரமும் கதகதப்பும் இருந்தால் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். நாய் அந்தத் தண்ணீரை நக்கினால் போதும், அதில் நடந்தாலே போதும். காலில் ஒரு சிராய்ப்பு, ஊறிப்போன பாதம், கண், மூக்கு, வாய் என்று எது வழியாகவும் உள்ளே போய்விடும். எலியைப் பிடித்துத் தின்றாலும் வரும். மாடு, பன்றியும் இந்தக் கிருமியைச் சுமக்கும், அதனால் பெகு, தட்டோன் பக்கம் மாடு வைத்திருக்கிற நம் ஆட்கள் வீட்டு நாய்களுக்கு எலியே இல்லாமலும் வர வழி இருக்கிறது.

இதையெல்லாம் நம் ஊரோடு பொருத்திப் பாருங்கள். மே மாத நடுவில் தொடங்குகிற மழை அக்டோபர் வரை விடுவதில்லை. தாக்கேட்டா, டலா, ஒக்கலாப்பா மாதிரிப் பள்ளமான இடங்களில் சாக்கடை நிறைந்து, காலுயர்த்திக் கட்டிய வீட்டுக்கு அடியில் தண்ணீர் வந்து நிற்கிறது. மழை விட்ட பிறகும் அது வடிவதில்லை. எலி வளைகள் முழுகுவதால் எலிகள் மேலே, வீட்டுக்குள்ளே ஏறிவருகின்றன. நகரத்து நடுவில் என்றால் இரண்டு வரிசைக் கட்டிடங்களுக்கு இடையில் இருக்கும் பின்சந்து, மேலிருந்து வீசிய குப்பை, அதில் ஊறும் மழைத் தண்ணீர். இதோடு தெருநாய்களுக்குப் புண்ணியம் என்று மக்கள் வாசலில் கொட்டிவைக்கும் சோறு. நல்ல மனதோடு செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்திக்கு வைத்த சோற்றில் நாய் விட்டது போக மீதியை ராத்திரி எலி வந்து தின்கிறது, தின்ற இடத்திலேயே மூத்திரம் விடுகிறது, காலையில் அதே தட்டை உங்கள் நாய் நக்குகிறது. எத்தனையோ வீட்டில் நோய் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய் நான் கடைசியில் போய் நிற்பது அந்தத் தட்டின் முன்னால்தான்.

கிருமி உள்ளே போய் நோய் தெரிய நாய்க்கு ஒரு வாரம் போல ஆகும், சிலவற்றுக்குக் கூடக் குறைய ஆகலாம். ஆரம்பம் எப்போதுமே மொட்டையாக இருக்கும்: காய்ச்சல், சோறு வேண்டாம், சோர்வு, வாந்தி. இதில் நான் தனியாகக் கவனிப்பது நடையை. பின்கால் விறைத்த மாதிரி, எழும்போது முனகிக்கொண்டு எழும். "யாரோ அடித்துவிட்டார்கள் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், தசை வலியும் சிறுநீரக வலியும்தான் அது. இடுப்புக்கு மேலே மெல்ல அழுத்தினால் முதுகை வளைத்துக்கொள்ளும். அடுத்து மூத்திரம். சில நாய் முதலில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போகும், அப்புறம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும், அது சிறுநீரகம் கையை விரிக்கிற அறிகுறி. மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்துப்போவதும் உண்டு. கண்ணில் சிவப்பு, மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், இதில் எதுவும் வரலாம். மூச்சு வாங்கத் தொடங்கினால் நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள், அந்தக் கட்டத்தில் மணி நேரங்களைத்தான் எண்ண வேண்டும்.

மஞ்சள் என்பது கல்லீரல் அடி வாங்கிய பிறகு வருவது. எல்லா நாய்க்கும் வருவதும் இல்லை. சிறுநீரகம் மட்டும் கெட்டு, கண் கடைசி வரை வெள்ளையாகவே இருந்து செத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மணியின் கண் வெள்ளையாக இருப்பதை வைத்து நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, மஞ்சளைப் பார்ப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோ மஞ்சள் பல்பிலோ பார்த்தால் ஆரம்ப மஞ்சள் தெரியவே தெரியாது. பகலில் ஜன்னலோரம் கொண்டுபோய், மேல் இமையைத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். காது மடலின் உள்பக்கம், அடிவயிற்றில் முடியில்லாத தோல், இந்த நான்கு இடமும் பார்க்க வேண்டும். ஈறு கறுப்பான நாய் என்றால் கண்ணும் வயிறும்தான் கதி.

சரி, பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். தொழிலுக்கு வந்து மூன்றாம் வருடம், ஒரு பெரியவர் கருப்பன் என்ற நாயைப் பழைய லுங்கியில் சுற்றி சைக்காவில் (மிதிரிக்‌ஷாவில்) வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு நாள் காய்ச்சல். காது நிறைய உண்ணி. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சல்தான் என்று எனக்குப் பட்டது, ஆனாலும் சந்தேகத்துக்கு எலிக்காய்ச்சல் துரிதச் சோதனையும் செய்தேன், இல்லை என்று வந்தது. நம்பிவிட்டேன். நான்காம் நாள் மூத்திரம் நின்று, ஐந்தாம் நாள் விடியலில் கருப்பன் போய்விட்டது. பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, லுங்கியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் மழைக்காலம் தொடங்கினால் அது நினைவுக்கு வரும். அந்தச் சோதனை பார்ப்பது நோய் எதிர்ப்பொருளை. உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்க ஒரு வாரம் போல ஆகும், இரண்டாம் நாள் சோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றுதான் காட்டும். சோதனையில் பிழை இல்லை, அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

ஆக, சோதனைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் இருக்கும், அதற்குப் பிறகு மூத்திரத்தில் வரும், அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இரண்டையும் எடுத்து அனுப்புவது நல்லது, அதுவும் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையில் உயிருள்ள கிருமியோடு நாயின் சீரத்தைக் கலந்து, கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, தடுப்பூசி போட்ட நாய்க்கும் அளவு கூடிக் காட்டும். ஒன்றிரண்டு வாரம் விட்டு இரண்டாவது ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் நோய் உறுதி. அந்த இரண்டு வாரம் வரை நாய் காத்திருக்காது என்பதுதான் விஷயம். எனவே சாதாரண ரத்தச் சோதனையில் யூரியா, கிரியாட்டினின், பிலிருபின், தட்டணுக்கள், மூத்திரத்தில் சர்க்கரை, புரதம், இவற்றைப் பார்த்துவிட்டு சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்து மூத்திரத்தில் மட்டும் சர்க்கரை வந்தால் சிறுநீரகக் குழாய் அடிபட்டிருக்கிறது என்று எனக்கு ஒரு பொறி தட்டும். விலை குறைந்த பட்டைச் சோதனைதான், ஆனால் நிறையச் சொல்லும்.

வேறு நோயாகவும் இருக்கலாம், அதையும் மறைக்கக்கூடாது. பபேசியா, எர்லிகியா மாதிரி உண்ணியால் வரும் காய்ச்சல்களும் மஞ்சளும் ரத்தக்கசிவும் தரும். குட்டி நாய்க்கு வாந்தி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம். வீட்டில் யாராவது பாரசிட்டமால் மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலேயே கல்லீரல் கெட்டு மஞ்சள் வரும். இன்னொன்று நம் ஊர் மண்ணோடு சேர்ந்தது: மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் வேறொரு கிருமி, மனிதருக்கும் நாய்க்கும் வரும். அதை உலகத்துக்கு முதலில் எழுதிக் காட்டியவர்களே ரங்கூனில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும்தான், 1912ல். விட்மோர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், கிருஷ்ணசாமி பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சொல்லவந்தது என்னவென்றால், மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே எலிக்காய்ச்சல் இல்லை. எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் உண்ணிக் காய்ச்சலில் சிலவற்றுக்கும் கேட்கும் என்பதால் சந்தேகமிருக்கும்போது தொடங்குவதில் நட்டம் குறைவு. பபேசியாவுக்கு அது மட்டும் போதாது, அதனால் ரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும்படியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிகிச்சையில் மருந்து சாதாரணமானது, உழைப்புதான் அதிகம். வாந்தி எடுக்கும் நாய்க்கு முதலில் நரம்பு வழியாக ஆம்பிசிலின் அல்லது பெனிசிலின், வாந்தி நின்றதும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம். இந்த இரண்டு வாரத்தைத்தான் ஜனங்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டினால் மாத்திரை நின்றுவிடும். முதல் மருந்து ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்கிறது, சிறுநீரகத்தில் ஒளிந்திருப்பதைத் துடைப்பது டாக்ஸிசைக்ளின்தான். அதை முடிக்காத நாய் பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே வாரக்கணக்கில் மூத்திரத்தில் கிருமியை விடலாம். உங்கள் பிள்ளைக்காகப் பயப்படுகிறீர்களே, நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம் இது. மருந்துக்கடையில் மாத்திரை தாராளமாகக் கிடைக்கிறது என்று வீட்டிலேயே தொடங்கிவிடாதீர்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கு அது வயிற்றில் தங்காது, சிறுநீரகம் அடிபட்டிருந்தால் மாத்திரை மட்டும் காப்பாற்றாது, சலைன் பாட்டில் ஏற்றி மூத்திரம் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். மூத்திரம் வராத நாய்க்குப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். டயாலிசிஸ் வசதி எங்களைப் போன்ற சிறு கிளினிக்குகளில் கிடையாது, அந்த அளவுக்குப் போன நாய்களை எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. நேரத்தோடு வந்தால் நிலைமை வேறு, நல்ல கவனிப்பில் பத்தில் ஏழெட்டு நாய் பிழைத்துக்கொள்கிறது. காய்ச்சலுக்கு என்று பாரசிட்டமாலோ, வலிக்கு என்று புரூஃபனோ வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இப்போது ஊசி. "ஊசியெல்லாம் போட்டிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் சொல்கிறார்கள், அட்டையை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறிநாய்க்கடி ஊசி மட்டும்தான் இருக்கும். பேட்டையில் முகாம் போட்டுப் போடுவது அந்த ஊசிதான். அது கட்டாயம் வேண்டும், வருடா வருடம் தவறாமல் போடுங்கள், ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எலிக்காய்ச்சலுக்கானது கூட்டுத் தடுப்பூசியில் வரும். அட்டையில் ஒட்டிய லேபிளின் கடைசியில் ஆங்கில எழுத்து 'எல்' இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் எல்2, எல்4 என்று எண்ணும் இருக்கும். நிறையக் கம்பெனிகளின் ஊசி இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் அடியில் ஒட்டிய வெள்ளை மாத்திரை மாதிரி உலர்ந்த பொருள், அது டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி வைரஸ் நோய்களுக்கானது. இன்னொன்றில் திரவம். அந்தத் திரவம்தான் பல சமயம் எலிக்காய்ச்சல் தடுப்பூசி, அதைக் கொண்டே உலர்ந்ததைக் கரைத்துப் போடுவோம். அதற்குப் பதில் வெறும் தண்ணீரில் கரைத்துப் போட்டால் நாய்க்கு எலிக்காய்ச்சல் பாதுகாப்பு கிடைக்காது. எனவே ஊசி போடும்போது இரண்டு குப்பியின் லேபிளும் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை, நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்2 என்றால் இரண்டு வகைக் கிருமிக் கூட்டத்துக்கு, எல்4 என்றால் நான்குக்கு. இந்தக் கிருமியில் 250க்கு மேல் உட்பிரிவுகள் உண்டு, ஊசி காப்பது அதில் சேர்த்திருக்கும் கூட்டங்களுக்கு எதிராகத்தான், மற்றவற்றுக்கு எதிராகக் கொஞ்சம் உதவலாம், உறுதி சொல்ல முடியாது. கிடைத்தால் எல்4 போடுங்கள், கிடைக்காவிட்டால் எல்2வையாவது போடுங்கள், போடாமல் இருப்பதைவிட மேல், எலியிலிருந்து வரும் முக்கியமான கூட்டம் இரண்டிலும் உண்டு. குட்டிக்கு எட்டு ஒன்பது வாரத்தில் முதல் ஊசி, இரண்டிலிருந்து நாலு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு வருடம் ஒன்று. பெரிய நாயாக இருந்தாலும் முதல் தடவை என்றால் இரண்டு ஊசி வேண்டும், ஒன்றோடு விட்டால் பாதுகாப்பு நிற்காது. டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் பல வருடம் தாங்கும், இது ஒரு வருடம்தான். கணக்காகச் செய்ய நினைப்பவர்கள் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள், நான் என் வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரல் கடைசி என்றுதான் குறித்துக் கொடுக்கிறேன். குளிர்பதனத்தையும் கவனியுங்கள். இந்த ஊசி 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெடும், சூடானாலும் கெடும். கரண்ட் நிலைமை நம் எல்லோருக்கும் தெரிந்ததே, ஜெனரேட்டரோ பேட்டரியோ இல்லாத கடையில் குப்பியை வாங்கி வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்வது காசைத் தண்ணீரில் போடுவது. ஊசி போட்ட அன்று முகம் வீங்குவது, ஊசி போட்ட இடத்தில் வலி, ஒரு நாள் சோர்வு, இதெல்லாம் சில நாய்க்கு உண்டு, குறிப்பாகச் சின்ன உடம்பு நாய்களுக்கு. அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஆனால் மணிக்கு இப்போது ஊசி போடச் சொல்லாதீர்கள், காய்ச்சலோடு இருக்கும் நாய்க்குத் தடுப்பூசி மருந்தாகாது, குணமான பிறகு போடலாம்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். நாயிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் வர முடியுமா? முடியும், நோயுள்ள நாயின் மூத்திரத்தில் கிருமி இருக்கும். அடிக்கடி வருகிறதா? இல்லை. மனிதர்கள் பெரும்பாலும் இதை வாங்கிக்கொள்வது வெள்ளத்திலிருந்தும் சேற்றிலிருந்தும் எலி திரியும் இடங்களிலிருந்தும்தான், வயலில் இறங்குபவர்கள், சாக்கடை சுத்தம் செய்பவர்கள், வெள்ளத்தில் நடந்து வேலைக்குப் போகிறவர்கள். உங்கள் மணிக்கு நோய் வந்திருந்தால் அது வந்த தண்ணீர் உங்கள் வாசலிலேயே நிற்கிறது, பிள்ளை அதே வாசலில்தான் விளையாடுகிறது. நாயை அனுப்பிவிட்டால் எலியும் தண்ணீரும் இடத்தை விட்டுப் போகப்போவதில்லை. நாய் முதலில் படுத்தது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சிகிச்சையில்லாமல் நோயோடு ஒரு நாய், அங்கே ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் ஐம்பது அறுபது நாய்களுக்கு நடுவில், சிறுவர்கள் வெறுங்காலோடு திரியும் முற்றத்தில் மூத்திரம் போகும். நோயை வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு மாற்றிவிடுவதுதான் அது.

வீட்டில் செய்ய வேண்டியது கடினமில்லை. மருந்து முடியும் வரை மணியைப் பிள்ளையிடமிருந்து தள்ளி, சிமென்ட் தரையுள்ள ஒரு மூலையில் கட்டுங்கள். மூத்திரம் போக ஒரே இடம், வெயில் படும் இடமாக, தண்ணீர் ஓடிப் பரவாத இடமாக. பெரியவர் ஒருவர் மட்டும் கவனித்துக்கொள்ளட்டும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள், காலில் செருப்பு. வீட்டுக்குள் மூத்திரம் போய்விட்டால் முதலில் பழைய காகிதத்தைப் போட்டு உறிஞ்சி எடுத்துக் கட்டி எறியுங்கள், அப்புறம் ஒரு பங்கு பிளீச்சில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மூத்திரத்தின் மேலேயே பிளீச்சைக் கொட்டினால் நெடியான வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆகாது. குழாயைத் திறந்து வேகமாக அடித்துக் கழுவாதீர்கள், தெறித்துக் கண்ணிலும் வாயிலும் படும். இதற்கெல்லாம் சோப்பும் பிளீச்சும் வெயிலும் போதும், விலையுயர்ந்த கிருமிநாசினி எதுவும் வேண்டாம். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதுவும் அதே தண்ணீரைக் குடித்திருக்கும், அதற்கும் மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நான் பெரும்பாலும் கொடுக்கிறேன். பூனைக்கு இது நோயாக வருவது அபூர்வம்.

பிள்ளைக்கோ உங்களுக்கோ அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, தலைவலி வந்தால், டெங்கு என்று வீட்டில் முடிவு கட்டாமல் மருத்துவமனைக்குப் போய், "எங்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல் சந்தேகம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமல் போகலாம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் மணியின் பக்கமே போக வேண்டாம். மனிதர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்பதை மனித மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அது என் எல்லைக்கு வெளியே.

எலியைப் பற்றி ஒன்று. விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியை நாய் தின்றால் அது இன்னொரு கதை, பிள்ளை இருக்கும் வீட்டில் அதைவிட மோசம். பொறி வையுங்கள், செத்த எலியைக் கையால் தொடாமல் எடுங்கள். பொறியைவிடப் பலன் தருவது சோற்றை எடுத்துவைப்பதுதான். நாய்க்கு வேளைக்கு வைத்து, கால் மணி நேரத்தில் தின்றது போக மீதியை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ராத்திரி எந்தத் தட்டும் வெளியே இருக்கக்கூடாது. குடிதண்ணீர்ச் சட்டியை தினம் இரண்டு தடவை மாற்றுங்கள். அரிசி டின்னுக்கு மூடி. வீட்டுக்கு அடியில் தண்ணீர் நின்றால் நாய் அங்கே இறங்காதபடி பலகையோ வலையோ அடியுங்கள். வெள்ளத்தில் நடந்துவந்த நாயை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள், பாதத்தில் வெட்டு இருக்கிறதா என்று விரலிடுக்கில் பாருங்கள்.

மணியை எடுத்துக்கொண்டு போகும்போது மறக்காமல் ஊசி அட்டை, முடிந்தால் கழுவிய சின்னப் பாட்டிலில் கொஞ்சம் மூத்திரம், நேற்றிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போனது என்ற கணக்கு, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு நாய் செத்ததை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். போகிற வழியில் அவர்கள் வாசலிலும் ஒரு நிமிடம் நின்று, செத்த நாயின் சோற்றுத்தட்டு இன்னும் வெளியே கிடக்கிறதா என்று பார்த்து, கிடந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எலி வேறு, அவர்கள் வீட்டு எலி வேறு இல்லை.